பேய் வீட்டு டெய்லர்

செய்தி வந்தபோது காலை பதினொன்றேகால் மணி. சின்னவள் நூலகத்தின் பின்னறையில் முதுகு கிழிந்த அகராதி ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. எடுத்தால் அக்கா. வழக்கமாக "சாப்பிட்டியா" என்று ஆரம்பிக்கிறவள் அன்று நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"மாமா போயிட்டார்டி."

சின்னவள் கையில் பசைத் தூரிகையோடு அப்படியே நின்றாள்.

"மிஷின் மேல தலைய சாய்ச்சிருந்தார். தூங்குறார்னு நெனச்சு நான் பாட்டுக்கு அரிசி களைஞ்சிட்டிருந்தேன். மாடியிலேருந்து நர்ஸம்மா இறங்கி வந்து கையப் பிடிச்சுப் பாத்துட்டு, இல்லன்னு சொல்லிட்டாங்க." பிறகு அக்கா குரலைத் தாழ்த்தினாள். "நீ வர்ற வழியில யார் கேட்டாலும் வீட்டுல வச்சுதான்னு சொல்லிடாத. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலன்னு சொல்லு. புரியுதா?"

சின்னவளுக்குப் புரிந்தது. வேறு யார் காதில் விழுந்திருந்தாலும், புருஷன் போன கையோடு இவளுக்கு இது ஒரு கவலையா என்று நினைத்திருப்பார்கள். அந்த வீட்டில் நிலைத்து இருப்பதற்காக அக்காவும் மாமாவும் பட்ட பாடு தெரிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். ஒரு வீட்டைப் பற்றிய பேச்சு எங்கே முளைவிடும், எப்படிக் கொடி வீசும், எத்தனை பேரை வெளியே துரத்தும் என்று அவர்கள் இருவருக்கும் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அதில்தான் அவர்கள் பிழைப்பு பல காலம் ஓடியது.

மாமா டெய்லர் என்றால் பெரிய டெய்லர் இல்லை. புதுத்துணி கொண்டுவந்து கொடுப்பவர்கள் குறைவு. ஜிப் மாற்றுவது, நைந்த காலரைத் திருப்பித் தைப்பது, இளைத்தவர்களுக்குப் பிடிப்பது, பருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது, இதுதான் வேலை. கல்யாணமான புதிதில், சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அவருடைய கடையை இடித்துவிட்டார்கள். தையல் மிஷினை வைக்க இடமில்லாமல் அவர் திண்டாடிக்கொண்டிருந்தபோதுதான் வீட்டுத் தரகர் ஒருவர் வந்து சேர்ந்தார். வண்டியை நிறுத்தினாலும் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாத மனிதர். அதனால் அவருக்கு ஹெல்மெட் என்றே பெயர்.

"ஒரு வீடு இருக்கு. பாதி வாடகை போதும்கிறாங்க," என்றார் ஹெல்மெட். "ஆனா அதுல ஒரு சின்ன விஷயம். யாரும் தங்க மாட்டேங்கறாங்க. ஏதோ நடமாட்டம் இருக்காம்."

"கரண்ட் இருக்கா?" என்று கேட்டார் டெய்லர்.

"இருக்கு."

"முன்னறையில வெளிச்சம்?"

"பளிச்சுனு வரும்."

"அப்ப சரி."

வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. பேய் உண்டா இல்லையா என்ற விசாரத்தில் அவர் நேரத்தைச் செலவிட்டதே கிடையாது. அவருக்கு வாய்த்த தூக்கம் அப்படி. இடி விழுந்தால் மறுநாள் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்வார்.

அக்காவான பெரியவள் கதை வேறு. அவளுக்குப் பேய்மீது முழு நம்பிக்கை. நம்பிக்கை இருந்ததே தவிர, பயம் இல்லை. அந்த முதல் வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்பை இறக்கி வைத்துவிட்டு, காலி அறையின் நடுவே நின்று பேசினாள். "இங்க பாருங்க. நாங்க கொஞ்ச நாள்தான் இருப்போம். உங்க வழியில நாங்க வரமாட்டோம், எங்க வழியில நீங்க வராதீங்க. சமையக்கட்டு மட்டும் எனக்கு வேணும்."

பக்கத்தில் சாமான் இறக்கிக்கொண்டிருந்த சின்னவளுக்கு வியர்த்துவிட்டது. "யாருகிட்டக்கா பேசற? அதுக்கு மரியாதை வேறயா?"

"வயசு தெரியாம எப்படிடி வா போன்னு பேசறது?"

அந்த வீட்டில் நடமாட்டம் உண்மையாகவே இருந்தது. மத்தியானம் சாப்பாடு ஆனபிறகு, மொட்டைமாடியில் யாரோ செருப்பில்லாமல் நடப்பார்கள். ஏறிப் பார்த்தால் ஆளிருக்காது. மாடிக்குப் போக உள்ளே படியும் கிடையாது, வெளியே ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். பெரியவள் இன்னொன்றையும் கவனித்தாள். மிஷின் ஓடினால் நடை நின்றுவிடும். மிஷின் நின்றால் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி தொடங்கும். டெய்லரிடம் சொன்னபோது அவர் பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே, "தைக்கிற சத்தம் புடிச்சிருக்கு போல" என்றார். அன்றிலிருந்து மத்தியானத் தூக்கத்தைத் தள்ளிப்போட்டு அந்த நேரத்தில் தைக்க ஆரம்பித்தார். அவர் வாழ்க்கையில் பேய்க்குச் செய்த பெரிய தியாகம் அது ஒன்றுதான்.

வீட்டைச் சரிசெய்ய அவர் மந்திரம் எதுவும் செய்யவில்லை. தைத்தார், அவ்வளவுதான். அந்தத் தெருவில் வேறு டெய்லர் இல்லை. முதலில் வந்தவர்கள் துணியைக் கேட்டுக்கு வெளியே நின்றபடி நீட்டினார்கள். டெய்லர் எழுந்து போய் வாங்கிவந்தார். பிறகு வாசற்படி வரை வந்தார்கள். மழை பெய்த ஒரு நாளில் ஒருத்தி முன்னறைக்குள் வந்து நின்றாள், உள்ளே வந்துவிட்டோமே என்று அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து கதை பேச ஆரம்பித்தார்கள். கடைசிக் கட்டம், உள்ளறைக் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்ப்பது. ஒரு பெண் தனியாக உள்ளறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ரவிக்கையைப் போட்டுப் பார்த்து, "கை கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்று குறை சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் வீடு தேறிவிட்டது என்று அர்த்தம். ஹெல்மெட் மறு வாரமே முழு வாடகைக்கு ஆள் கொண்டுவந்துவிடுவார். டெய்லர் குடும்பம் அடுத்த பேய் வீட்டுக்குப் போகும்.

யாராவது, "இங்க ஏதாவது இருக்கா டெய்லரே?" என்று நேராகக் கேட்டால் அவர் பதில் ஒன்றே ஒன்றுதான். "தொந்தரவு ஒண்ணும் இல்ல." அது பொய்யில்லை. இருப்பதை இல்லை என்று அவர் சொன்னதில்லை. தொந்தரவு இல்லை என்றுதான் சொன்னார்.

சின்னவள் இந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் போயிருக்கிறாள். எதிலும் ஓர் இரவு தங்கியதில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கல்லூரியில் படித்து, நூலகத்தில் வேலைக்கும் சேர்ந்து, ஒரு மகளிர் விடுதியில் அறையெடுத்துத் தங்கியிருந்தாள். "இவ்வளவு புஸ்தகம் படிச்சும் பயம் போகலையாடி?" என்று அக்கா சீண்டினால், "படிச்சதுனாலதான் பயமே வந்துச்சு" என்பாள்.

இருமல் வீட்டில் நடந்ததைச் சொன்னால்தான் அவளைப் பற்றி முழுதாகத் தெரியும். அந்த வீட்டின் பின்னறையில், சமையலறையில் வெங்காயம் வதக்கும்போதெல்லாம் யாரோ இருமுவார்கள். ஆம்பிளை இருமல். தொண்டையைச் செருமி, கொஞ்சம் சங்கோசத்தோடு இருமுகிற மாதிரி இருக்கும். பெரியவள் உடனே வாணலியை மூடி, ஜன்னலைத் திறந்துவிடுவாள். "பாவம், நெடி ஆகல." சின்னவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிட உட்கார்ந்தாள். முதல் கவளம் வாய்க்குப் போகவில்லை, முதுகுக்குப் பின்னால் பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. மாமாவா என்று பார்த்தால் மாமா எதிரே உட்கார்ந்து குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். அடுத்து என்ன நடந்தது என்று அவளுக்கு நினைவில்லை. நினைவு வந்தபோது அவள் ஜன்னலுக்கு வெளியே செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள், கையில் தட்டு இருந்தது. கேட்டுக்கு வெளியே, அணைக்காத வண்டிமேல் ஹெல்மெட் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், கதவு அந்தப் பக்கம் இருக்கு," என்றார்.

அவருக்கும் தைரியம் ஒன்றும் இல்லை. இந்த வீடுகளின் கேட்டைத் தாண்டி அவர் உள்ளே கால் வைத்ததே கிடையாது. எந்த வீடானாலும் கேட்டுக்கு வெளியே வண்டியை உறுமவிட்டபடியே பேசிவிட்டுப் போவார்.

எல்லா வீடும் இப்படி இல்லை. ஒரு வீட்டில், டெய்லர் அரைகுறையாக வெட்டிப் போட்டுவிட்டுத் தூங்கப்போகும் துணிகள் காலையில் ஓரத்தோடு ஓரம் சேர்ந்து மடித்து வைக்கப்பட்டிருக்கும். பெரியவள் மடிக்கவில்லை என்று சத்தியம் செய்தாள். டெய்லரின் தூக்கத்தில் நடமாட்டத்துக்கு இடமில்லை. யார் மடித்தது என்று கடைசிவரை தெரியவில்லை. பெரியவள் ஆராயவும் விரும்பவில்லை. "வேலைக்கு ஆள் வச்ச மாதிரி இருக்கு, கேட்டுக் கெடுத்துக்காதீங்க." அந்த வீடு தேறி, காலி செய்ய வேண்டிய நாள் வந்தபோது அவள் வாசலில் நின்று அழுதாள். "கூட வர்றீங்களா" என்று உள்ளே பார்த்துக் கேட்டும் விட்டாள். டெய்லர் அவசரமாக மிஷினைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்.

ஆனால் மனுஷிக்கு முழங்கால் என்று ஒன்று இருக்கிறதே. சாமான் கட்டுவது, பிரிப்பது, புதுச் சமையலறைக்குக் கை பழகுவது, பழகிய அன்றே மறுபடி கட்டுவது என்று ஓடி ஓடி ஒருநாள் பெரியவள் மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

"இனி என்னால முடியாதுங்க. ஒரு சாதாரண வீடு பாருங்க. ஒண்ணும் இருக்கக் கூடாது. போயிட்டா அதுலயே இருந்துடணும். நான் நட்ட செடில ஒரு காய் பறிச்சுச் சமைக்கணும்."

டெய்லர் மறுப்பே சொல்லவில்லை. ஹெல்மெட்டிடம் போகாமல் தாமே தெருத் தெருவாக அலைந்து ஒரு வீட்டைப் பிடித்தார். மாடியில் வீட்டுக்காரம்மா. ஓய்வுபெற்ற நர்ஸ், தனியாள், தெருவில் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்பவர். கீழே இரண்டு பகுதிகள். ஒன்று டெய்லருக்கு. இன்னொன்று காலியாக இருந்தது. வீட்டில் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு, குழாயில் நல்ல தண்ணீர். பெரியவள் அறைக்கு அறை நின்று கேட்டுப் பார்த்தாள். எங்கும் ஒரு சத்தமும் இல்லை. "யாருமே இல்ல," என்று திருப்தியாகச் சொன்னாள். சொன்ன குரலில் ஒரு துளி ஏமாற்றம் இருந்ததைத் தங்கை மட்டும் கவனித்தாள்.

எல்லாம் ஹெல்மெட்டால் கெட்டது. அவர் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. பழைய சிநேகிதனைப் பார்க்கப் பழக்கூடையோடு வந்தார். வந்தவர் பழக்கதோஷத்தில் கேட்டுக்கு வெளியேயே வண்டியை அணைக்காமல் நின்றுகொண்டு, கூடையைக் கை எட்டும் மட்டும் உள்ளே நீட்டினார்.

"உள்ள வாய்யா, இது நல்ல வீடு," என்றார் டெய்லர்.

"இருக்கட்டும் இருக்கட்டும், இங்கயே சௌகரியமா இருக்கு."

எதிரே டீக்கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட் திரும்பிப் போகும்போது டீ குடிக்க நின்றார். ஏன் உள்ளே போகவில்லை என்று டீக்கடைக்காரர் கேட்டார். "அட, பழக்கம்ங்க," என்றார் ஹெல்மெட். என்ன பழக்கம் என்று அடுத்த கேள்வி வந்தது. ஹெல்மெட்டுக்கோ கதை சொல்லப் பிடிக்கும். மொட்டைமாடி நடை, இருமல், மடித்த துணி என்று எல்லாவற்றையும் சொல்லி, இரண்டாவது டீயும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். பேய் வீடுகளில் மட்டுமே குடியிருக்கும் டெய்லர் ஒருவர் நம் தெருவுக்கு வந்திருக்கிறார் என்றால், வந்திருக்கும் வீடு எப்படிப்பட்டது? தெரு தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டது.

வாடிக்கைக்காரர்கள் பின்வாங்கினார்கள். உள்ளறைக் கண்ணாடிவரை தாராளமாகப் போய்வந்த பெண் போட்டுப் பார்க்காமல் முன்னறையிலேயே துணியை வாங்கிப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்து அரட்டையடித்தவர் வாசற்படியோடு நின்றுகொண்டார். கொஞ்ச நாளில் துணிகள் கேட்டுக்கு மேலாக நீட்டப்பட்டன. டெய்லர் தம் வாழ்நாள் வேலை தலைகீழாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"இந்த வீட்டுல ஒண்ணுமே இல்லீங்க," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

"அங்கயும் இப்படித்தானே சொன்னீங்களாம்," என்றார்கள்.

தொந்தரவு இல்லை என்பதற்கும் ஒன்றுமே இல்லை என்பதற்கும் உள்ள வித்தியாசம் தெருவுக்கு எங்கே புரியும்? காலிப் பகுதியைப் பார்க்க வந்த குடும்பங்கள், டீக்கடையில் வழி கேட்கிறபோதே திரும்பிப் போயின. கடைசியில் நர்ஸம்மா ஒருநாள் மாடியிலிருந்து இறங்கிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்குப் பேய்ல நம்பிக்கை இல்ல. அத்தனை வருஷம் வார்டுல இருந்திருக்கேன், போனவங்க ஒருத்தரும் திரும்பி வந்து என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஆனா எனக்கு வாடகைல நம்பிக்கை இருக்கு. அந்தப் பக்கம் காலியாவே கிடந்தா நான் மருந்து வாங்கறது எப்படி? கோவிச்சுக்காதீங்க. கோடை விடுமுறை முடியறதுக்குள்ள வேற இடம் பாத்துக்குங்க."

பெரியவள் உள்ளே போய்ப் பழைய சாக்குகளை எடுத்து உதறினாள். அந்தச் சத்தம் டெய்லருக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த சின்னவளுக்கும் பொறுக்கவில்லை.

"மாமா, ஒரு வழி இருக்கு," என்றாள். "ஒண்ணு இருந்துச்சு, போன வாரம்தான் போச்சுன்னு சொல்லிடுங்களேன். நீங்க சொன்னா நம்புவாங்க."

"இல்லாத ஒண்ண எப்படிம்மா போக வைக்கிறது?"

"சும்மா பேச்சுக்குத்தானே."

"பேச்சுக்குக் கூட்டிட்டு வந்தா அது பேச்சோட நிக்காது, பாப்பா. எத்தன வீடு பாத்திருக்கேன். பாதி வீட்டுல பேச்சுதான் குடியிருந்துச்சு. அத வெளிய அனுப்பத்தான் நாள் ஆகும்." அவர் கத்தரியை மேசைமேல் வைத்தார். "உங்கக்காவுக்குப் பொய்ல ஒரு வீடு பிடிச்சுக் குடுக்க எனக்கு மனசில்ல."

சின்னவள் வாசலில் வந்து நின்றாள். எதிர்வரிசையில் மூன்று ஜன்னல்கள் சட்டென்று சாத்திக்கொண்டன. தைரியசாலி ஒருவன் ஒரு வீட்டில் இருந்தால் அதைவைத்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? அவன் எங்கேயும் இருப்பான். பயந்தாங்கொள்ளி இருந்தால்? அந்த யோசனை வந்ததும் அவள் உள்ளே திரும்பினாள்.

"மாமா, என் மேல ஆணையா உண்மையச் சொல்லுங்க. இந்த வீட்டுல ஒண்ணும் இல்லையே?"

டெய்லர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவர் யோசித்த அந்த நேரத்தில் சின்னவளுக்கு உயிர் போய் வந்தது.

"எலி இருக்கு," என்றார்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

இருமல் வீட்டில் இருமலை இருமல் என்று சொன்ன மனிதர் அவர். சின்னவள் மாடியேறிப்போய்க் காலிப் பகுதியைத் தனக்குக் கேட்டாள். நர்ஸம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ அவங்க தங்கச்சி. நீ வந்தா தெரு கணக்குல எடுத்துக்குமா?"

"அது ஹெல்மெட் பாத்துப்பார்," என்றாள் சின்னவள்.

ஹெல்மெட்டைக் கூப்பிட்டுக் கெட்ட பேரை அவரே துடைக்கும்படி சொன்னார்கள். அவர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். டீக்கடையில் உட்கார்ந்து ஜன்னல் கதையை அவர் சொன்ன விதத்தை, எதிரே அக்கா வீட்டுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த சின்னவள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள்.

"ஒரு இருமல்தாங்க. அந்தம்மா தட்டோட ஜன்னல் வழியா பறந்து வந்தாங்க. ஒரு பருக்கை கீழ விழல. நான் கண்ணால பாத்தேன். டெய்லர் இருந்த ஒரு வீட்டுலயாவது ராத்திரி தங்கியிருக்காங்களான்னு கேளுங்க. கிடையாது. பல்லி கத்தினா பஸ் பிடிச்சுடுவாங்க. அப்பேர்ப்பட்டவங்க இங்க குடி வர்றாங்கன்னா, நீங்களே யோசிச்சுக்குங்க."

"தங்குவாங்களா?" என்று சந்தேகப்பட்டார் டீக்கடைக்காரர்.

"பாப்போம்."

சின்னவள் தன் புத்தகங்களோடும் ஒரு கட்டிலோடும் வந்து சேர்ந்தாள். முதல் இரவு விளக்கை அணைக்கவில்லை. எலி ஓடிய சத்தத்துக்கு இரண்டு முறை சுவரைத் தட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா, "எலிடி" என்று பதில் சொன்னாள். விடிந்து, பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தபோது, டீக்கடையில் அந்த நேரத்துக்கு இருக்க வேண்டியதைவிட அதிகக் கூட்டம் இருந்தது. எல்லாக் கண்ணும் அவள்மேல். சின்னவள் வாயில் நுரையோடு ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள். யாரோ கை தட்டினார்கள்.

ஒரு வாரம் கழிந்தபோது துணிகள் வாசற்படிக்கு வந்தன. அப்புறம் நாற்காலிக்கு. கண்ணாடிக்கு முன்னால் ஒருத்தி நின்று இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அன்று, டெய்லர் மிஷினை விட்டு எழுந்து சின்னவளின் பக்கம் வந்து, "பாப்பா, இத்தன வருஷம் நான் செஞ்ச வேலைய நீ ஒரே ராத்திரில செஞ்சுட்ட" என்றார். நர்ஸம்மா அவளைப் பார்க்கும்போதெல்லாம், "என் வீட்டுக்கு மதிப்பே உன் பயத்துலதான்மா, தைரியம் கியம் வரவச்சுக்காத" என்பார். பெரியவள் பின்புறம் கத்தரியும் எலுமிச்சையும் நட்டாள். கத்தரி காய்த்தது. எலுமிச்சை மூன்றாம் வருஷம் காய்த்தது. முதல் பழத்தை நாலாக நறுக்கி நாலு பேரும் சர்க்கரை தொட்டுக்கொண்டு தின்றார்கள். டெய்லர் மட்டும் கொட்டையையும் மென்றுவிட்டார்.

இப்படியாகச் சில வருஷங்கள் நன்றாகவே போயின. இப்போது அந்த வீட்டுக்குள், அந்த மிஷின்மேல், அவர் போய்விட்டார்.

சின்னவள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தெருவே கேட்டுக்கு வெளியே நின்றது. துக்கத்துக்கு நிற்கிறார்களா, வேறு எதற்காவது நிற்கிறார்களா என்று முகங்களைப் பார்த்து அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. டீக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"எங்க வச்சும்மா? எப்படி ஆச்சு?"

அக்கா சொல்லச் சொன்ன வார்த்தை தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"வீட்டுலதாங்க. தைச்சிட்டிருக்கும்போதே."

அன்று வேறு எதையும் பேச நேரமில்லை. எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு அடங்கிய பிறகு பெரியவள் தங்கையைப் பிடித்துக்கொண்டாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி. ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா உன் நாக்கு சுருங்கிடுமா? இனிமே இந்தப் படியை யாரு மிதிப்பா? நர்ஸம்மா எத்தன நாள் பொறுப்பாங்க? இன்னொரு வீட்டுக்குப் போய் அடுப்பு வைக்க என்னால ஆகாது."

"மாமா இருந்தா என்ன சொல்லியிருப்பார்க்கா?"

பெரியவள் மூக்கைச் சிந்தினாள்.

நாட்கள் போயின. மிஷின்மேல் ஒரு பழைய விரிப்பைப் போட்டு மூடியிருந்தார்கள். அலமாரியில் வாடிக்கைக்காரர்களின் துணிகள் அப்படியே கிடந்தன. கேட்க யாரும் வரவில்லை. மரியாதைக்காகப் பொறுத்திருக்கிறார்கள் என்றாள் சின்னவள். "பயத்துல பொறுத்திருக்காங்க," என்றாள் பெரியவள். கொடியில் துணி உலர்த்தும்போது எதிர்வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள், அது எப்போது சாத்தும் என்று.

ஒரு மத்தியானம் சின்னவள் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. மாமா வருவார்னு நெனைக்கிறியா?"

"யாரு, அவரா?" பெரியவள் முறத்தை நிறுத்தினாள். "இருந்தப்பவே அவரை எழுப்பறதுக்கு நான் ஒரு சொம்பு தண்ணி செலவு பண்ணுவேன். போய்ப் படுத்த மனுஷன் தானா எழுந்து வரப்போறாரா?" சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், அழுது, மறுபடி சிரித்தாள். சின்னவளும் கூடச் சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சத்தமான சத்தம் அது.

மறுநாள் காலையில் கேட் திறந்தது. பக்கத்துத் தெருவுக்குச் சமீபத்தில் குடிவந்திருந்த பஸ் டிரைவர் ஒருவர், காக்கிச் சட்டையோடு நேராக உள்ளே வந்தார். வாசற்படியில் செருப்பை விட்டார். முன்னறைக்குள் நுழைந்து, மூடியிருந்த மிஷினைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கி, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கேள்விப்பட்டேன்ம்மா. நல்ல மனுஷன். என் பேண்ட் ஒண்ணு அவர்கிட்ட குடுத்திருந்தேன். தெச்சாச்சோ இல்லையோ, எடுத்துக்கறேன்."

பெரியவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றாள். "உங்களுக்கு இந்த வீட்டைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாங்களே. அவர் இங்கதான், இந்த மிஷின்லயேதான் போனார்னு சொன்னாங்க. எங்கப்பாவும் ஸ்டியரிங்ல கை வச்சபடியே போனவர்தான். ஓரமா நிறுத்திட்டுத்தான் போனார்." அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா, வெயில்."

அவர் உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுப் பெண் தெருவைத் தாண்டி வந்தாள். "அக்கா, என் துணியும் ரெண்டு கிடக்கு," என்றபடி படியேறி, முன்னறையைத் தாண்டி, உள்ளறைக் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மாடிப்படியில் பாதி இறங்கி வந்த நர்ஸம்மா, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறிப்போனார்.

"இருங்க, டீ போடறேன்," என்றாள் பெரியவள். சமையலறைக்குப் போகும் வழியில் நின்று, விரிப்பை விலக்கி, மிஷின் பலகையிலிருந்து டிரைவரின் பேண்டை எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள். சின்னவள் அதை மேசைமேல் விரித்தாள். வலது காலை மாமா அளவுக்கு மடித்துத் தைத்திருந்தார். இடது காலில் சாக்குக்கட்டிக் கோடு மட்டும் இருந்தது.